தொகுதியும் பகுதியும்

பனச்சமூட்டுச் சந்தையைப் பிளந்து போகும் தார்ரோட்டில்
இந்தப் பக்கத்து வீடுகள் எனக்கு,
அந்தப் பக்கத்து வீடுகள் பிந்துவுக்கு.
சேலை நிறம் வேறு. பை ஒரே கனம்.
நான் காய்ச்சல் என்று எழுதுவதை
அவள் பனி என்று எழுதுவாள்.
என் பக்கத்திலும் பாதிப்பேர் வாயில் பனிதான்.
கேட்டுக்கொண்டே காய்ச்சலாக்கி எழுதிவிடுவேன்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம்
ஜோணியின் டீக்கடையில் நோட்டுகளைத் திறந்தோம்.
எனக்குப் பதினொன்று, அதில் சாவு இரண்டு.
அவளுக்கு அறுபத்துநான்கு, சாவு அதே இரண்டு.
"உங்க பக்கத்துக் கிருமிக்குப் பல்லு கூடுதலோ?"

சிரித்தேன்.
பிறகு அந்தக் கோட்டைப் பார்த்தேன்,
ஆறாம் வகுப்பில் பின்னத்துக்கு நடுவே போட்ட கோடு.
மேலே தொகுதி, கீழே பகுதி.
மேலே இருப்பவர்களை யாரும் தவறவிடுவதில்லை,
அவர்களுக்குப் பந்தல் போட்டிருக்கும், ஒலிபெருக்கி பாடும்.
கீழே இருக்கிறவர்களுக்கு நான்தான்
போய்க் கதவு தட்ட வேண்டும்.

பிந்துவின் பகுதியில்
பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை தும்மினாலும்
மூக்குக்குள் பஞ்சுக்குச்சி போகிறது.
என் பகுதியில்
ரப்பர் வெட்டுகிறவன் நெற்றி கொதிக்கக் கொதிக்க
மூன்று மணிக்குத் தலைவிளக்கைக் கட்டுகிறான்.
எத்தனையோ நாளுக்குப் பிறகு மழை விட்டிருக்கிறது,
மரம் காத்திருக்குமா?
"ஒண்ணும் இல்ல சிஸ்டர், உடம்புவலி."
படிவத்தில் உடம்புவலிக்குக் கட்டம் இல்லை.

எல்லாம் எண்ணிய விதத்தில்தான் என்று
முடித்துவிட்டிருப்பேன்,
தங்கபாய் விடவில்லை.
முந்திரி ஆலையில் பத்தொன்பது வருடம்
கொட்டை வறுத்த புகையைத் தின்ற நெஞ்சு.
அதே கிருமி அவள் மகளுக்கு இரண்டு நாள் சளி,
மூன்றாம் நாள் டியூஷனுக்குப் போய்விட்டாள்.
தாய்க்கு லீவு என்றால் கூலி இல்லை.
ஆறாம் நாள்தான் ஆட்டோ ஏறினாள்,
அதுவும் ஆலை மூடிய பிறகு, சாயங்காலம்.
இதை எந்தக் கோட்டுக்கு மேலே வைப்பது, எதற்குக் கீழே?

தோஹாவிலிருந்து அண்ணன் பேசினான்.
"இங்கேயும் எல்லாருக்கும் வந்துது, ஒருத்தனும் சாகலியே.
நம்ம ஊருல மட்டும் ஏன் இப்படி?"
அண்ணா, உன் கேம்பில் அறுபது வயதுக்காரர் எத்தனை பேர்?
சர்க்கரை உள்ளவர்? இழுப்பு உள்ளவர்?
பிள்ளைத்தாச்சி யாராவது?
மெடிக்கலில் தோற்றவர்கள் எல்லாம் இங்கே இருக்கிறார்கள்.
சாகக்கூடியவர்களை நம்மிடம் விட்டுவிட்டு
மற்றவர்களை விமானம் ஏற்றிக்கொண்ட நாடு
நோய் லேசு என்று சொன்னால்
அது பொய் இல்லை.

கிறிஸ்துதாஸைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.
திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸ்
வெள்ளறடை தாண்டியதும் வேகத்தைக் குறைத்ததாம்.
என் நோட்டில் அவன் சாகவில்லை,
என் எல்லைக்குள் நடக்கவில்லை.
பிந்துவின் நோட்டில் அவன் குடியிருக்கவே இல்லை.
இரண்டும் இரண்டுமாகச் சொன்னோமே,
அந்த நாலு பேரில் அவன் சேர்த்தி இல்லை.
பந்தல் என்னவோ போட்டிருந்தார்கள்,
நான் போய் உட்கார்ந்து கட்டங்காப்பி குடித்தேன்.
மேலே இருப்பவர்களை யாரும் தவறவிடுவதில்லை என்று
சற்று முன்தான் எழுதினேன். அடிக்க மனமில்லை.

சில்லறை கொடுக்கக் கை நீட்டியபோது
பிந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
"எடீ, நினக்கு பனிக்குந்நுண்டல்லோ."
மூன்று நாளாகத்தான், என்றேன்.
"எழுதினாயா?"

ஜோணியின் வானொலியில் இரண்டு நாடுகளை ஒப்பிட்டு
யாரோ சதவீதம் சொல்லிக்கொண்டிருந்தார்,
ஒன்றில் ஏன் இத்தனை, இன்னொன்றில் ஏன் இல்லை என்று.
அந்த நாடுகளில் யார் யார் கதவு தட்டினார்களோ,
யாருக்கு எத்தனை வீடு பாக்கியோ.

எனக்கு நான்கு வீடு பாக்கி.
மாத்திரை ஒன்றை டீயோடு விழுங்கிவிட்டு
பையை எடுத்தேன்.
நோட்டில் இன்னும் பதினொன்று.