பதினெட்டு ரிங்கிட் சவுண்டு கார்டு

ஆயர் ஈத்தாமில் பதினான்காவது மாடி.
துணி காயும் கம்பிக்குப் பக்கத்தில் ஆண்டெனா.
கொடிக்கம்பம் என்று
கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.
கொடி எங்கே என்று அவர் இன்னும் கேட்கவில்லை.

மொட்டைமாடியில் ஒரு மழைமானி.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
எத்தனை மில்லிமீட்டர் என்று அது கணினிக்குச் சொல்லும்,
கணினி சவுண்டு கார்டுக்கு,
சவுண்டு கார்டு வானொலிக்கு.
இரண்டே இரண்டு சுருதி மாறி மாறி
அரை நொடிக் கீச்சு.
அதற்குள் என் அழைப்புக்குறி, மணி, மழை
எல்லாம் மடித்து வைத்த பொட்டலம்.

நாசி லெமாக் போல. ஆனால்
இலை ஒரு நூலளவு கிழிந்திருந்தாலும்
இதை யாரும் பிரித்துச் சாப்பிடுவதில்லை.
கடைசியில் ஒரு கூட்டுத்தொகை.
கணக்கு இடறினால் முழுதும் குப்பைக்கு.
பாதி மழை என்று ஒன்று இங்கே கிடையாது.

மூன்று வாரமாக எதுவும் போய்ச் சேரவில்லை.

கேட்கவில்லை என்றால் சத்தம் போதவில்லை,
வேறென்ன இருக்கும்?
எண்பதைத் தொண்ணூறாக்கினேன்.
தொண்ணூறை நூறாக்கினேன்.
கேபிளை மாற்றினேன். ஃபெரைட் வளையம் மாட்டினேன்.
பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து
காலுறையைக்கூடக் கழற்றாமல்
திரையில் அந்தப் பச்சைக் கட்டையை
சிவப்பு வரை தள்ளிக்கொண்டே போனேன்.

பட்டர்வொர்த்தில் லிம் செங் ஹோக்.
லாரி பேட்டரி விற்கிறவர். நேரில் பார்த்ததில்லை.
ஞாயிறு இரவு மைக்கை எடுத்துக் கேட்டேன்,
என் கீச்சு வருகிறதா?
"வருகிறது, வருகிறது. என் நாய் எழுந்து ஓடுகிறது.
ஆனால் ஒன்றும் பிரியவில்லை.
மேடம், நீங்கள் கத்துகிறீர்கள்."
அவர் சொன்னது மலாயில். நாய் உண்மை.

கத்துகிறேனாம்.
பள்ளியில், பேருந்தில், மாமியார் வீட்டில்,
லைன் லீடரான முதல் நாள் கூட்டத்தில்
கேட்ட அதே வார்த்தை.
கட்டைவிரல் அளவுப் பெட்டியின் பேரிலும் கேட்க வேண்டுமா?
எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.
சோறு ஆறிப்போயிருந்தது.

பிறகு வந்து உட்கார்ந்து
நூறில் என் அலை எப்படி இருக்கிறதென்று பார்த்தேன்.
மலை மலையாக இருக்க வேண்டியது.
இளநீர்க் கடையில் தலை சீவி அடுக்கிய வரிசைபோல
எல்லா உச்சியும் மொட்டை.
ஆட்டோ கெய்ன் என்றொரு கட்டம் வேறு,
யாரைக் கேட்டு அதில் டிக் விழுந்ததோ.
எடுத்தேன்.

அறுபது. செங் ஹோக்கின் திரையில் ஒன்றுமில்லை.
நாற்பது. நாய் படுத்துவிட்டது என்றார்.
இருபத்திரண்டு.
பதினெட்டு.
விலையும் அதேதான் என்று அப்போது தோன்றவில்லை.

"ஆ," என்றார். பிறகு எழுத்துக்கூட்டி வாசித்தார்:
ஆயர் ஈத்தாம். பதினொன்று பத்து. மழை பூஜ்யம்.

மூன்று வாரம் மல்லுக்கட்டி
கடலுக்கு அப்பால் நான் அனுப்பிய முதல் செய்தி
மழை பெய்யவில்லை என்பது.

செவ்வாய்க்கிழமை கரண்ட் போய் வந்தது.
கார்டு பழையபடி நூறில் நின்றது, ஒன்றுமே நடக்காததுபோல.
ஞாபகம் வைத்துக்கொள் என்று
அதற்குத் தனியாக ஒரு கட்டளை எழுத வேண்டுமாம்.
எழுதினேன்.

வியாழன் மாலை கொடிமலை காணாமல் போனது.
ஆறு பத்து, நான்கு.
ஆறு இருபது, பதினொன்று.
ஆறு முப்பது, இருபத்து மூன்று.
ஒவ்வொன்றையும் கிழியாமல் வாங்கிக்கொண்டது
பட்டர்வொர்த்.
திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
துணியை எடும்மா என்று
கீழ்வீட்டு அம்மா கத்தினார்.
நன்றாகக் கேட்டது.