ஆறு நிறுத்தம்

தலைக்கு எண்ணூற்று ஐம்பது ரூபாய்.
ஆறு நிறுத்தம், மூன்று மணி நேரம்.
தண்ணீர் பாட்டில் சேர்த்தி, சாக்லேட் தனி.
ஊட்டியில் தின்றுகொண்டே நடக்க
ஆள் ஒருத்தி எதற்கு என்று சிரித்த லாட்ஜ்காரர்
இந்த சீசனில் கமிஷன் கேட்கிறார்.

இன்று போரூரிலிருந்து ஒரு குடும்பம்.
திருமாறன், சாருலதா,
சிப்ஸ் தவிர எதையும் தொடாத ஏழு வயதுப் பையன்.
சேரிங் கிராஸில் செருப்பு வாரை இறுக்கும்போதே சொல்லிவிட்டார்கள்:
"போன மே மாசம் ப்ராக்ல
இதே மாதிரி ஒண்ணு போனோம்."

முதல் நிறுத்தம் வர்க்கி.
விறகடுப்பு முன் முகம் சிவந்து நிற்கும் மன்சூர் பாயிடம்
நாலு வாங்கி, அதன் அடுக்குகளைப் பற்றிச்
சொல்லவேண்டியதைச் சொன்னேன்.
இந்தத் தண்ணீரும் இந்தக் குளிரும் இல்லாமல்
மேட்டுப்பாளையத்தில் இது வராது என்பதுவரை.
நேற்றும் சொன்னேன். நாளையும் சொல்வேன்.
"அங்க ஒரு ரொட்டியைக் குடைஞ்சு
அதுக்குள்ள சூப் ஊத்திக் குடுத்தாங்க" என்றாள் சாருலதா.
என் கையில் வர்க்கி உதிர்ந்தது.

மார்க்கெட்டில், கழுவி வந்த கேரட்டை
ஈரத்தோடு கடிக்கக் கொடுத்தேன்.
அங்கே பாலம் முழுக்கச் சிலைகளாம்.
நஞ்சன் கடையில் தேநீர்.
அங்கே பீர், தண்ணீரைவிட மலிவாம்.
"அப்ப அந்த ஊர்லயே இருந்திருக்கலாமே"
என்று படுக மொழியில் சொன்னார் நஞ்சன்.
டீ நல்லா இருக்கான்னு கேக்கறாரு
என்று மொழிபெயர்த்தேன்.

நாலாவதற்கு ஏறும் படியில் மழை.
பூட்டிய கடையொன்றின் தகரத்தடியில் ஒதுங்கி
குடையை விரித்தபோது திருமாறன் சொன்னார்:
"அவங்களும் குடை வச்சிருந்தாங்க. சிவப்பு.
கூட்டத்துல தொலையாம இருக்க
தூக்கிப் பிடிச்சிக்கிட்டே போவாங்க."
யாரு?
"அந்த கைடு."

பேரு என்ன, என்றேன்.
கணவன் மனைவியைப் பார்த்தார்.
மனைவி ஃபோனைப் பார்த்தாள்.
விரல் தள்ளத் தள்ள
கோட்டை, மணிக்கூண்டு, ஆறு,
ரொட்டிக்குள் சூப், சூப் தீர்ந்த ரொட்டி,
மறுபடி கோட்டை.
ஒரு படத்தின் ஓரத்தில்
முழங்கை ஒன்று, கால்வாசிக் குடை.
"இதோ!" என்றாள், அவ்வளவு சந்தோஷமாக.

நல்லா பேசினாங்களா?
"சூப்பரா பேசினாங்க."
மதியம் எங்க சாப்பிட்டாங்க?
"அதான் கூடவே வந்தாங்களே."
சாப்பிட்டாங்களா?
தகரத்தில் மழை பேசியது.

அப்போது பையன்,
சிப்ஸ் பொட்டலத்தின் அடியைத் துழாவிக்கொண்டே:
"அந்த ஆன்ட்டி
சர்ச் படியில உக்காந்து ஷூவைக் கழட்டினாங்க.
பின்னாடி பிளாஸ்திரி ஒட்டியிருந்துச்சு.
என்னைப் பாத்ததும் மறுபடி போட்டுக்கிட்டாங்க."

நீ ஏன்டா சொல்லவே இல்ல, என்றாள் அம்மா.
நீங்க போட்டோ எடுத்துட்டு இருந்தீங்க.

மழை விட்டது.
நாலாவதில் அவரைக் குழம்பு, ஐந்தாவதில் மோமோ.
ஆறாவதில் சாக்லேட்டுக்குத் தனியாகக் காசு வாங்க மறந்துபோனேன்.
பிரியும்போது படம் எடுத்தார்கள்.
தட்டை நான்தான் பிடித்திருந்தேன்.
"இன்னும் கொஞ்சம் முன்னாடி நீட்டுங்க" என்றார்கள்;
நீட்டினேன்.

காந்தல் பஸ்ஸில் ஜன்னலோர இடம்.
டப்பாவில் காலையில் கட்டிய புளிச்சோறு,
உப்பு கொஞ்சம் தூக்கல்.
செருப்பை உதறிவிட்டுக் கால்களை
முன்சீட்டுக்கு அடியில் நீட்டினேன்.

அந்த ஊரில் இப்போது மணி என்ன இருக்கும்
என்று கேட்டிருக்கலாம்.
பையனைக் கேட்டிருக்க வேண்டும்.