சேருமிடம்

எங்கள் பேக்கிங் செக்சனில்
அமெரிக்கா என்பது ஒரு கட்டு ஸ்டிக்கர்.
டாலஸ். மினியாபோலிஸ். பீனிக்ஸ். சவான்னா.
வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து,
கீழே மெல்லிய கோடுகள்,
அவற்றைப் படிக்க மெஷினுக்கு மட்டும்தான் தெரியும்.

விடிவதற்குள் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய கன்டெய்னர்
அங்கேரிப்பாளையம் ரோட்டை அடைத்தபடி
வாயைப் பிளந்து நின்றது.
இன்னும் அறுநூற்று நாற்பது பெட்டி.
கண் சொருகாமல் இருக்க
நவமணிதான் ஆரம்பித்தாள்:
"போறதுன்னா எந்த ஊருக்குப் போவீங்க?"

எங்களுக்கு ஊர் தெரியாது, அளவு தெரியும்.
டாலஸுக்கு எப்போதும் டபுள் எக்ஸெல் தூக்கல்.
"சோத்துக்குப் பஞ்சமில்லாத ஊரு, எனக்கு அதே போதும்"
என்றாள் ருக்குமணி,
மூன்று பொட்டணம் முறுக்கைப் பிரித்துக்கொண்டே.
மினியாபோலிஸ் துணி உள்பக்கம் பஞ்சாய் உரசியது,
தைக்கும்போது ஊசி உடையும்.
அயர்ன் மாஸ்டர் தங்கமுத்து அதை மடியில் வைத்துத் தடவினார்.
வேர்க்காத ஊரில் ஒரு நாள் நின்று பார்க்கோணும், என்றார்.
பீனிக்ஸுக்குக் கையில்லாத பனியன் மட்டும்.
"அதுக்கு எதுக்குங்க ஏரோப்ளேன்?
நான் காங்கயத்துலயே இருந்துக்கறேன்."

மெர்ச்சன்டைசர் கவின் லேப்டாப்பை மூடிவிட்டு வந்தான்.
அவனுக்கு எல்லாம் தெரியும்.
டெக்ஸாஸில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாதாம்.
ஆஸ்டினுக்கு எல்லாரும் ஓடி
இப்போது வீட்டு விலை மேலே போய்விட்டதாம்.
தங்கச்சி மாப்பிள்ளை ராலேயில் வாங்கியிருக்கிறார்,
பள்ளிக்கூடம் நல்லது, கோயில் பக்கம்,
பின்னால் கறிவேப்பிலைகூட வைத்திருக்கிறார்,
குளிர்காலத்தில் தொட்டியோடு தூக்கி உள்ளே வைப்பாராம்.

நவமணி ஒன்றே ஒன்று கேட்டாள்:
"ராத்திரி ரெண்டு மணிக்கு ஷிப்டு விட்டா
பொம்பள தனியா வீடு போக
பஸ் இருக்குதுங்களா?"

கவின் தலையைச் சொறிந்தான்.
"அங்க காரு வேணுங்க அக்கா."
"எந்த ஊருல?"
"எல்லா ஊருலயும், பெரும்பாலும்."
டாலஸ் அங்கேயே அடிபட்டது.
ஆஸ்டினும், ராலேயும்.
சிக்காகோவில் விடிய விடிய ரயில் ஓடும் என்று
போனில் பார்த்துச் சொன்னான்.
குளிருமா என்றாள்.
மூக்கு விழுந்துவிடும் என்றான்.
"மூக்குத்தி கழட்டி வெச்சுட்டுப் போறேன்."

டேப் ஒட்டிக்கொண்டிருந்த பிரமோதை யாரோ இழுத்தார்கள்:
நீ சொல்றா, எந்த ஊரு?
அவன் பல்லால் டேப்பைக் கடித்து அறுத்தான்.
"நான் வந்தாச்சு அக்கா."
யாருக்கும் உடனே புரியவில்லை.
"கஞ்சாம்லேர்ந்து ரெண்டு நாள் ரயில். வந்தாச்சு."
ஏன் திருப்பூர், வேற ஊரே இல்லையா என்றேன்.
"அண்ணன் இருந்தான்."
அண்ணன் ஏன் வந்தான்?
"அவன் சிநேகிதன் இருந்தான்."

கவின் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்தினான்.
ராலேவும் அப்படித்தான், என்றான்.
மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு ரூம்மேட் இருந்தான்.
வரி, பள்ளிக்கூடம் எல்லாம்
அப்புறம் கண்டுபிடித்துக்கொண்ட காரணம்.

நான் எதையும் சொல்லவில்லை.
எனக்கு சவான்னா.
யாரும் அங்கே உடுத்துவதற்காக நாங்கள் அனுப்புவதில்லை,
கப்பல் இறக்கும், லாரி ஏற்றும், அவ்வளவுதான்.
சொல்லும்போது வாய்க்குள் கொஞ்சம் காற்று நிற்கிறது.
அந்த நினைப்பில் முப்பது பெட்டிக்கு
டாலஸ் இருக்கவேண்டிய இடத்தில் அதை ஒட்டிவிட்டேன்.
உரிக்க உரிக்க அட்டையின் தோலும் சேர்ந்து வந்தது.
கவின் திட்டினான், நியாயம்தான்.

நாலு அம்பதுக்கு கன்டெய்னருக்கு சீல் விழுந்தது.
ஐந்து மணிக்கு முதல் பஸ்.
நவமணி செருப்பைக் கையில் பிடித்து ஓடி
படியில் தொற்றிக்கொண்டு
என்னைப் பார்த்துக் கத்தினாள்:
"நியூயார்க்குல?"

கேட்டுச் சொல்கிறேன் என்று
கையைக் காட்டினேன்.