உள்துணி

ஜாக்கெட்டுக்கு லைனிங் கொடுக்கணும் என்றதும்
கழுத்து எவ்வளவு இறக்கம் என்று கேட்டாள் தில்ஷாத்.
பையைப் பிரித்துக் காட்டினேன்.
கம்பளி.
கரடிக்கா தைக்கிறீங்க என்று சிரித்து
மெஷினை மணிக்கு முப்பது ரூபாய்க்கு விட்டுவிட்டு
அஸர் தொழப் போனாள்.

கெம்பம்மாவுக்கு.
பாகலூர் தாண்டி ரோஜாக் கம்பெனியில்
குளிர் அறை.
கதவில் சிவப்பு எண்ணில் மூன்று டிகிரி.
பிப்ரவரி பதினாலு வரைக்கும்
இருபது இருபதாகக் கட்டிக்கொண்டே இருக்கிறாள்
யாரோ யாருக்கோ நீட்டுவதற்கு.
கம்பெனி கொடுத்த கோட்டு
ஆறு பேருக்கு மூன்று.

தேன்கனிக்கோட்டைச் சந்தையில் கம்பளி வாங்கி
போன மாதம் நானே வெட்டித் தைத்தேன்.
நல்லா இருக்கு என்றாள்.
ஒன்பது நாளும் நல்லா இருக்கு.
பத்தாம் நாள் தலைக்குக் குளித்து
ஈரக் கூந்தலை முன்னால் தள்ளியபோதுதான் பார்த்தேன்,
பின்கழுத்து முழுக்கத் தடித்துச் சிவந்து
எறும்புப் புற்றில் படுத்து எழுந்தவள் மாதிரி.
ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை.
கேட்டால்
நல்லா இருக்கு என்பாள்.

பந்தல் போடும் நாகோஜி
கிழிந்த சாட்டின் நாலு மீட்டர் சும்மா கொடுத்தான்.
ரோஸ் கலர்.
எந்தக் கல்யாணத்திலோ தெறித்த சாம்பார்
ஓரத்தில், துவைத்தும் போகாமல்.
கறை கக்கத்துக்குக் கீழே வரும்படி வைத்து
வெட்டினேன்.

வெர்னியரால் அளந்தேன், அதுதான் தப்பு.
சிப்காட்டில் பதினோரு வருஷம்
லேத்தில் நின்றவனுக்கு
அரை மில்லி கூடினாலே கை கூசும்.
மேல்துணியும் உள்துணியும்
அச்சுக்கு அச்சு ஒரே அளவு.
எனக்குப் பத்தாதுதான்,
இருந்தாலும் தோளை நுழைத்துக் கையை முன்னால் நீட்டினேன்.
முதுகில் டர்ரென்றது.

இரும்பு குனியாது.
இவள் ஒரு ஷிப்டில்
எத்தனை வாளிக்குக் குனிகிறாள் என்பது
எந்த ஸ்கேலிலும் இல்லை.

மறுபடி வெட்டினேன்.
முதுகின் நடுவே இரண்டு விரல் மடிப்பு விட்டு,
யாரும் பார்க்காத துணியை
பார்க்கிற துணியைவிடப் பெரிதாக.

அடுத்தது திருப்புவது.
நல்ல பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கச் சேர்த்து
சுற்றிலும் தைத்ததும்
கோட்டு காணாமல் போய்விட்டது.
மிஞ்சியது ஒரு சாக்கு.
உள்துணியின் பக்கத் தையலில்
ஒரு கை போகுமளவு விட்ட வாய் வழியே
துழாவினேன்.
காலர் அகப்பட்டது, வரவில்லை.
போன வருஷம் சிவலை ஈன்றபோது
முன்னங்கால் இரண்டும் மூக்கும் சேர்ந்து வருகிறதா என்று
தடவிப் பார்த்த அதே விரல்கள்.
மெல்ல, மெல்ல.
முதலில் ஒரு கை.
பிறகு தோள்.
பிறகு மொத்தமும் வழுக்கிக்கொண்டு
மடியில் விழுந்தது.

திரும்பி வந்த தில்ஷாத் தூக்கிப் பார்த்து
இடது கை முறுக்கிக்கிச்சு அண்ணே என்றாள்.
பிரித்தேன்.
மெஷின் வாடகை நூற்றைம்பது ஆனது.

விடியற்காலை நாலரைக்கு வேன்.
மாட்டிக்கொண்டு
இரண்டு கையையும் ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.
உள்ளே என்ன, கல்யாண வீடா?
அவ்வளவுதான் கேட்டாள்.
வேனின் பின்விளக்கைப் பனி தின்றுவிட்டது.

சாயங்காலம் வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போது
கோட்டுக்குள் கிணிங் என்றது.
கூந்தலை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தேன்.
பழைய சிவப்பு இருந்தது.
புதிதாக எதுவும் இல்லை.

பை நல்லா இருக்கு என்றாள்,
ஆழம்தான் ஜாஸ்தி,
வேன்காரன் கொடுத்த சில்லறையைப் போட்டேன்
கைக்கு எட்டவே இல்லை.

நான் பை வைக்கவில்லை.

தைக்க மறந்த அந்த வாய்.
கீழ்விளிம்பில், கம்பளிக்கும் சாட்டினுக்கும் நடுவே
தடவினால் ஓர் ஐந்து ரூபாய், இரண்டு பாக்கு,
ரோஜா லேபிள் ஒன்று சுருண்டு.
ஊசியில் நூல் கோத்து வைத்திருக்கிறேன்.
எடுத்துவிட்டு மூடுவதா
அப்படியே மூடுவதா,
பையாகவே விட்டுவிடுவதா?
அவள் தூங்கிவிட்டாள்,
கோட்டைக் கழற்றாமல்.