பன்னிரண்டும் ஏழும்

சோலூர்மட்டம் ரோட்டு டீ ஃபேக்டரியில்
பச்சை இலை எடை போடுகிறவள் நான்.
காலையில் ஒரு எடை, மதியம் ஒரு எடை,
கார்பன் தாளின் நீலம் எப்போதும் விரல் நுனியில்.

இரவில்,
இலை வாட்டும் மாடிக்கு ஏறும் படிகளில்
ஏழாவது படியில் மட்டும் சிக்னல்.
அங்கே உட்கார்ந்து
யாரோ விற்ற லேப்டாப்பை மடியில் வைத்து
ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிறேன்.
மடியில் அதன் சூடு.
தை மாசத்துக்கு அது ஒன்றே போதும், படிக்க.

முதல் நாள் ஒரு பொத்தான் செய்தேன்.
அழுத்தினால் வணக்கம் என்றது.
பதினோரு முறை அழுத்தினேன்,
பதினோரு முறையும் அலுக்காமல் சொன்னது.
சூப்பர்வைசர் ஜெயசீலன்
ஆறு வருடத்தில் ஒரு தடவை சொன்னதில்லை.

மறுநாள் அதே பொத்தான் கல்.
கன்சோலில் சிவப்பாய் ஒரு வரி:
எங்கோ ஒரு அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு
மூடாமல் போயிருக்கிறேன்.
படலைச் சாத்தாமல் தூங்கினால்
காட்டெருமை வந்து கேரட்டைத் தின்னத்தானே செய்யும்.

வேரியபிள் ஒரு பெட்டி மாதிரி என்றது பாடம்.
எனக்குச் சாக்கு என்றால்தான் புரிகிறது.
பெயர் எழுதிய சாக்கு;
உள்ளே உள்ளது மாறும், பெயர் மாறாது.
பெயர் மட்டும் எழுதி இலை போடாத சாக்கைக் கேட்டால்
அன்டிஃபைன்ட் என்கிறது.
சுழியம் இல்லை அது.
சுழியம் என்றால் எடை பார்த்தாயிற்று.
இது, ஆள் இன்னும் வரவே இல்லை.

ஐந்தாம் இரவு மாதியின் இலை:
காலை பன்னிரண்டு, மதியம் ஏழு.
கூட்டு என்றேன்.
நூற்று இருபத்தேழு என்றது.
நான் சிரித்த சிரிப்பில்
வாட்ச்மேன் டார்ச் அடித்துப் பார்த்தார்.
கட்டத்தில் தட்டுவதெல்லாம் அதற்கு எழுத்துதானாம்,
பன்னிரண்டின் பக்கத்தில் ஏழை ஒட்டிவைத்திருக்கிறது.
எண் என்று நாம் சொன்னால்தான் எண்.
சொன்னேன். பத்தொன்பது ஆனது.
அந்த நூற்று இருபத்தேழிலேயே விட்டிருந்தால்
மாதி மளிகைக் கடை பாக்கியை அடைத்திருப்பாள்.

பிறகு கழிவு.
மழை எனில் நூற்றுக்குப் பத்து. எழுதினேன்.
பனி எனில் பத்து. எழுதினேன்.
இல்லையெனில் –
என்று ஒரு இடம்
இரண்டு வளைவுக்கு நடுவே காலியாய் நின்றது.

இல்லையெனில் என்றால் வெயில்.
வெயிலிலும் எட்டு கழித்துத்தான் வந்திருக்கிறேன்.
கேட்டால், சாக்கு ஈரம் என்பேன்.
பேரேட்டில் அது பழக்கம்,
கை தானாய்ப் போட்டுவிடும்.
இங்கே அதை ஒரு வரியாய் எழுதியாக வேண்டும்.
எட்டு என்று தட்டினேன்.
ஏன் என்று கேட்கவில்லை அது.
எட்டு என்றால் எட்டு.

யாராவது கேட்டிருக்கலாம் என்று இருந்தது.

நாலு இரவு போன வருடப் பேரேட்டைத் தட்டி ஏற்றினேன்.
ஒரு லூப் எழுதினேன், மாதியின் பெயருக்கு மட்டும்.
முதலில் நிற்காமல் சுற்றியது,
லேப்டாப் விசிறி மேல்மாடி விசிறிக்குப் போட்டியாய் இரைந்தது.
எங்கே நிறுத்த என்று சொல்ல மறந்திருந்தேன்.
சொன்னதும் நின்றது:
வெயில் நாள் நாற்பத்தொன்று,
கழிந்தது அறுபத்திரண்டு கிலோ முன்னூற்று இருபது கிராம்.
மாதி மட்டும்.
என் பேரேட்டில் இருநூற்றுப் பத்துப் பேர்.

எட்டை அழித்துச் சுழியம் வைத்தேன்.
இந்தப் பக்கம் என் மடியில் மட்டும்தான் திறக்கும்,
யாருக்கும் தெரியாது.
நேற்று படித்தது ஃபங்ஷன்.
எழுதி வைத்தால் மட்டும் ஒன்றும் ஆகாதாம்,
பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை சும்மா கிடக்குமாம்.

மணி பத்து.
கேர்பெட்டா பக்கம் மஞ்சு விலகிவிட்டது.
மாதி சாக்கை இறக்குகிறாள், பதினாலு கிலோ.
நல்ல வெயில்.
கழிவுக் கட்டத்தின்மேல் என் பேனா.