வாக்கியத்தின் வால்

தடாவில், ஆறுவழிச் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்வாங்கி,
பஞ்சர் கடைக்கும் லாரி எடைமேடைக்கும் நடுவே
சிவப்புக் காகித விளக்கு தொங்கும் கட்டடம்.
முன்பு அது கல்யாண மண்டபம்.
மேடையில் இப்போது காலை மடக்கி உட்காரும் தாழ்ந்த மேசை;
மணமக்கள் பெயருக்கு வெட்டிய தெர்மாகோலில்
ஒரே ஒரு தெலுங்கு 'வெ' மட்டும்
பின்சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

வியாழன்தோறும் தொழிற்சாலைக்காரர்களோடு வருவேன்.
என் பெயர் செண்பகவல்லி. அவர்கள் நாக்கில் அது நிற்காது.
'ட்சூயாகு-சான்' என்பார்கள்.
மொழிபெயர்ப்பாளர் அவர்களே, என்று பொருள்.
மரியாதைதான்.
கரண்டியைக் கரண்டி அவர்களே என்பது மாதிரி.

இந்த வேலையில் யாரும் சொல்லித்தராத ஒன்று:
மற்றவர் வாய் மெல்லும்போது உன் வாய் பேச வேண்டும்.
தோசை விறைக்கும். பிரியாணியில் நெய் வெள்ளையாய் உறையும்.
வாங்குகிறவரும் விற்கிறவரும் சிரித்து முடிக்கையில்
என் தட்டு கல்யாணத்துக்கு மறுநாள் போல் கிடக்கும்.
அதனால்தான் பச்சை மீனை முதலில் கண்டபோது
எனக்குக் குமட்டவில்லை, நிம்மதி வந்தது.
ஏற்கெனவே ஆறிய சாப்பாடு.
இனி இதை யாரும் ஆறவைக்க முடியாது.

முதலாளி பெஞ்சலய்யா, சூளூர்ப்பேட்டை,
நெல் வியாபாரம் செய்த வீடு.
சமையல் பசாங், காலிம்போங்.
ஒட்டாத நெல்லூர் அரிசியை அவன் ஒட்டும்வரை வேகவைக்க,
"இப்படிக் குழைஞ்ச சோத்தை எங்க வீட்ல போட்டா
இலையை மூடிட்டு எழுந்துடுவாங்கம்மா,
அவன்கிட்ட இந்தியில சொல்லு" என்பார்.
நான் சொல்வதில்லை.
பழவேற்காட்டு நண்டு, சென்னையிலிருந்து ஐஸ்பெட்டியில் சால்மன்,
எல்லாவற்றுக்கும் அதே பச்சை விழுது.
ஒகுனோ அதை மூக்கில் ஏறும்வரை தின்று கண்ணைத் துடைப்பார்;
காரம் பத்தவில்லை போலிருக்கிறது என்று
கிம்நெய் ஒரு தட்டில் மோர்மிளகாய் வைப்பாள்.

நேற்று ஹயாஷிதாவுக்குக் கடைசி வியாழன்.
மூன்று வருடம் முன் ட்யூசல்டார்ஃபிலிருந்து வந்தவர்,
திரும்பவும் அங்கேதான்.
ரயிலடிப் பக்கம் தெரு முழுக்க ஜப்பான் கடைகளாம்,
நூடுல்ஸுக்கு மழையில் வரிசையாம்,
பக்கத்திலேயே கொரியர் சுடும் இறைச்சி, வியட்நாம்காரி ஊற்றும் சூப்,
கண்ணை மூடிக்கொண்டு எதைக் கடித்தாலும் சரியாக இருக்குமாம்.

பெஞ்சலய்யா வழக்கம்போல் மேசைத் தலைமாட்டில் நின்றார்,
கையைப் பிசைந்துகொண்டு,
முதல் வாய் தொண்டையில் இறங்கும்வரை.
"எப்படி இருக்குன்னு கேளும்மா.
கடைசித் தடவையாச்சே, மறைக்க வேணாம்னு சொல்லு."

ஹயாஷிதா கிண்ணத்தைக் கீழே வைத்தார். நீளமாகச் சொன்னார்:
இந்தச் சூப் ஒருநாளும் மிசோ சூப்பாக இருந்ததில்லை.
முதல் மாதம் முழுக்க, காரில் ஏறியதும் ரொட்டி தின்றேன்.
அங்கே எல்லாம் சரியாக இருந்தது.
நான் விழுங்கினேனா என்று யாரும் நின்று பார்த்ததில்லை.
இந்த மனிதர் நிற்கிறாரே என்று
நூற்று நாற்பது வியாழன் மிச்சம் வைக்காமல் குடித்திருக்கிறேன்.
எது சரியான ருசி என்பதே இப்போது மறந்துவிட்டது.
அங்கே போய்க் குடித்தால் அது தப்பாக இருக்குமோ
என்று பயமாக இருக்கிறது.

தமிழில் ஓர் 'ஆம்' உண்டு, வாக்கியத்தின் வாலில்.
தெலுங்கில் அதே வேலைக்கு ஓர் 'அட'.
பிறர் சொன்னது, நான் பார்க்கவில்லை,
என் தலையில் கட்டாதே என்கிற வால்.
பதினொரு வருடமாக அதைப் பிடித்துத்தான் ஆறு கடக்கிறேன்.

பெஞ்சலய்யா என் வாயையே பார்த்தார்.
"பாகுந்தட," என்றேன். நல்லா இருக்காம்.

"அவ்வளவு நேரம் பேசினாரே?"

"ரொம்ப நல்லா இருக்காம்."

பசாங் பெயரைக் கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.
சுருக்கியதில் எனக்கு மூன்று நிமிடம் மிச்சம்.
என் கிண்ணத்தில் ஆவி இன்னும் எழுந்துகொண்டிருந்தது.
ஊதி, ஒரு வாய் குடித்தேன்.
பருப்புத் தண்ணீர். அடியில், சத்தியமாக, பெருங்காயம்.

யாரும் எதுவும் கேட்பதற்குள்
இன்னொரு வாய்.