மஞ்சள் நாடா

ஜனவரி. நெப்ராஸ்காக் காற்று
கதவிடுக்கில் வாய்வைத்து ஊதுகிறது.
மூன்று குளிர்காலமாகத் தைத்த போர்வையை
இன்றுதான் கட்டிலில் விரித்தாள் தர்ஸா.
சதுரமில்லை, வரிசையில்லை,
கைதவறி உடைந்த கண்ணாடியைப்
பொறுக்கிச் சேர்த்தாற்போல.

எனக்கு அதை வாசிக்கத் தெரியும்.
கேட்காமலே வெட்டிய என் கழுத்துப்பட்டை.
ஒமாஹாவில் வாங்கி
முதல் மழையிலேயே சாயம்போன வெல்வெட் தொப்பி.
பதினொரு நாள் இருந்த பிள்ளையின் சட்டைக்கை,
அதன்மேல் மட்டும் பூவேலை இல்லை.
சரக்கு ரயில் தடம்புரண்ட வருஷத்துக்கு ஒரு சிலந்திவலை;
ஏன் சிலந்தி என்றால் அவளுக்கே தெரியாது.

அப்புறம், என் மோவாய்க்கு நேரே
விரலகலத்தில் மஞ்சள் பட்டு.
சுருட்டுக்கட்டைச் சுற்றிவரும் நாடா.
நான் பைப் குடிக்கிறவன்.
என் ஸ்டேஷனில் இறங்கி ஏறியவர்கள்
எத்தனையோ பேர் சுருட்டுக்காரர்கள்.
மற்றத் துண்டுகளுக்கு ஓரத்தில்
இறகுத்தையல் ஒரு வரி.
இதற்கு மூன்று.

"குளிருதா, லெமுவல்?"
"இல்லை."

விளக்கணைந்த பின்
அந்த மூலை அவள் பக்கம் போகும்படி
போர்வையைத் திருப்பிப் போட்டேன்.
விடிந்து பார்த்தால்
மஞ்சள்
என் கழுத்தடியில்,
காற்றுப் புகாமல்
இழுத்துச் செருகி.